எண்ணப்படாத முயல்கள்

1997ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் இயங்கிவந்த ஒரிஜின் சிஸ்ரம்ஸ் என்ற நிறுவனம் ‘அல்ரிமா ஒன்லைன்’ என்னும் இணைய விளையாட்டை வெளியிட்டது. ஒரே வேளையில் ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டுக் கணினிகளில் அமர்ந்தவாறே ஒரே கற்பனை நாட்டினுள் புகுந்து, அங்கே வாள் வீசவும், துணி நெய்யவும், வீடு கட்டவும், ஒருவரையொருவர் கொள்ளையிடவும் இடந்தந்த முதல் விளையாட்டுகளுள் அது முக்கியமானது. வெளியான சில மாதங்களிலேயே ஓர் இலட்சம் சந்தாதாரர்களை அது எட்டியது. அந்தக் கற்பனை நாட்டின் பெயர் பிரிட்டானியா. எம்மை ஆண்டுவிட்டுப் போன பிரித்தானியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த நாட்டில் நிகழ்ந்த ஒரு பேரழிவைப் பற்றி இணையத்தில் அடிக்கடி பேசப்படுகிறது. அங்கிருந்த விலங்குகள் அழிந்துபோன கதை அது. பெரும்பாலும் நகைச்சுவையாகவே சொல்லப்படும் இக்கதையிலிருந்து வழமையாகப் பெறப்படும் முடிவு பிழையானது என்பது எனது கருத்து. ஆதலால் கதையைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

விளையாட்டின் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவரான ராஃப் கொஸ்ரரும் அவருடைய சகாக்களும் அதற்கு முன் எவரும் துணியாத ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். மற்ற விளையாட்டுகளில் ஓநாய் என்பது ஆட்டக்காரன் வந்து வெட்டும்வரை ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பொம்மை. இவர்களோ உண்மையான ஒரு சூழற்றொகுதியையே கணினிக்குள் உருவாக்க எண்ணினார்கள். நிலத்தில் புல் இருக்கும். முயலும் செம்மறியும் அதனைத் தேடி மேயும். ஓநாய் அவற்றைத் தேடி அலையும். அதற்கும் மேலே கரடியும் பறவைநாகமும் இருக்கும். ஒவ்வொரு உயிருக்கும் உணவு எது, உறைவிடம் எது, விரும்புவது எது, அஞ்சுவது எது என்று விதிக்கப்பட்டிருந்தது. செம்மறியின் உடலில் இவ்வளவு இறைச்சி, இவ்வளவு தோல், இவ்வளவு கம்பளி என்று கணக்கும் இருந்தது. திட்டம் நிறைவேறியிருந்தால், காட்டில் மான்கள் குறையும்போது பசித்த விலங்கு ஊரை நாடி வந்திருக்கும். ஊரவர்கள் அதனை எதிர்க்கத் திரண்டிருப்பர். எழுத்தாளன் எழுதி வைக்காத கதைகள் தாமாகவே பிறந்திருக்கும். கேட்கவே இனிமையான திட்டம்.

ஆனால் கதவு திறக்கப்பட்டதும் நடந்தது வேறு. பரீட்சார்த்தக் கட்டத்திலேயே உள்ளே நுழைந்த ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்ட அனைத்தையும் வெட்டினார்கள். அந்த விளையாட்டில் ஒரு திறனைப் பயன்படுத்தப் பயன்படுத்தவே அது வளரும். வாட்போர் பழக விரும்புகிறவனுக்கு நகர வாயிலுக்கு வெளியே மேயும் முயலைப் போல ஆபத்தற்ற பயிற்சிப்பொருள் வேறென்ன இருக்கிறது? முயல் பிறந்தது, அடுத்த கணமே ஒருவன் அதனை வெட்டினான். அடுத்த முயல் பிறந்தது. அதனை இன்னொருவன் வெட்டினான். நிறுவனத்தார் விலங்குகள் பிறக்கும் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் வெட்டும் வேகத்தைக் கூட்டினார்கள். புல்லை முயல் மேய்வதற்கும், முயலை ஓநாய் துரத்துவதற்கும் அவகாசமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு விலங்கும் தன் சுற்றுப்புறத்தை ஓயாது தேடிக்கொண்டிருப்பது அக்காலத்துக் கணினிகளுக்குப் பெருஞ்சுமையாகவும் இருந்தது. ஈற்றில் சூழற்றொகுதியின் பெரும்பகுதி முடக்கப்பட்டது. விளையாட்டின் பிதாமகரான ரிச்சர்ட் காரியட் பிற்காலத்தில் இதனை விவரித்தபோது, அதை அகற்றியதை ஆட்டக்காரர் எவருமே கவனிக்கவில்லை என்பதைத்தான் அழுத்திச் சொன்னார்.

இந்த அழிவுக்கு இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. அதிகம் பேசப்படாத இக்காரணமே எனக்குக் கூடுதல் சுவையானதாகப் படுகிறது. அந்த உலகின் பொருளாதாரம் மூடிய வட்டமாக அமைக்கப்பட்டிருந்தது. அதாவது, நாட்டிலுள்ள மொத்தக் கம்பளி, மொத்தத் தோல், மொத்த உலோகம் யாவும் அளவு குறிக்கப்பட்டவை. ஒரு செம்மறி இறந்து உக்கினால் அதன் பங்கு பொதுக் களஞ்சியத்துக்குத் திரும்பும். அதிலிருந்து இன்னொரு செம்மறி பிறக்கும். அதன் கம்பளி சட்டையாகத் தைக்கப்பட்டால், அந்தச் சட்டை அழியும்வரை அடுத்த செம்மறி காத்திருக்கவேண்டும். வடிவமைத்தவர்கள் எதிர்பாராதது என்னவென்றால், மனிதர்கள் எதையும் எறிவதில்லை என்பதைத்தான். தையற்றிறனை வளர்ப்பதற்காக ஆயிரக்கணக்கில் சட்டைகள் தைக்கப்பட்டன. வீடுகளிலும் வங்கிப் பெட்டிகளிலும் பொருள்கள் மலைபோலக் குவிந்தன. வெளியே புல்வெளி வெறுமையாகிக்கொண்டிருந்தது. இந்த விளையாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்து சக்கரி பூத் சிம்ப்சன் எழுதிய கட்டுரை இந்தப் பதுக்கலை விரிவாகக் காட்டுகிறது. வாளால் கொல்லப்பட்ட ஆடுகள் ஒருபுறமிருக்க, பெட்டகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டதால் பிறவாமற்போன ஆடுகளும் இருந்தன.

தீர்வாக நிறுவனம் வட்டத்தை உடைத்தது. இனிமேல் விலங்குகள் எதிலிருந்தும் பிறக்கவேண்டியதில்லை. வெறுமையிலிருந்து, குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் தோன்றும். எத்தனை வெட்டினாலும் மீண்டும் தோன்றும். அதன்பின் வந்த இணைய விளையாட்டுகளிற் பெரும்பாலானவை இதே வழியையே பின்பற்றின.

நிற்க. இக்கதையிலிருந்து வழமையாகப் பெறப்படும் முடிவைப் பார்ப்போம். “மனிதர்களிடம் ஒரு காட்டைக் கொடுத்துப் பாருங்கள், அழித்துவிடுவார்கள், அது அவர்கள் சுபாவம்” என்பதே அது. இவ்விதம் எழுதுகிறவர்கள் 1968இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் கரெட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையையும் துணைக்கு அழைப்பார்கள். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொரு இடையனும் இன்னுமொரு மாட்டைச் சேர்ப்பதே தனக்கு இலாபம் என்று கருதுவான், ஈற்றில் நிலம் எல்லோருக்கும் அழியும் என்பது ஹார்டினின் வாதம். அல்ரிமா ஒன்லைன் இதனை மெய்ப்பித்த ஆய்வுகூடம் போலக் காட்டப்படுகிறது.

நான் இதை ஏற்கவில்லை. முதலாவதாக, ஹார்டினின் இடையனுக்குத் தன் முன்னே இருப்பது ஒரு மேய்ச்சல் நிலம் என்பது தெரியும். பிரிட்டானியாவின் வாள்வீரனுக்கு அதுகூடத் தெரியாது. அவன் அதுவரை ஆடிய விளையாட்டுகளில் எல்லாம் விலங்கு வெட்டுவதற்காகவே வைக்கப்பட்டிருந்தது. இந்த முயல் புல்லைத் தின்கிறது, இதனை ஓநாய் தின்கிறது, இதற்கு ஒரு குடித்தொகை இருக்கிறது, அது குறைந்துகொண்டு போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. திரையில் அவன் கண்டது ஒரு முயலை. அதன் பின்னே இயங்கிய சங்கிலி கணினியின் வயிற்றுக்குள் மறைந்து கிடந்தது. தெரியாத ஒன்றைக் காக்கத் தவறினான் என்று ஒருவனைக் குற்றஞ்சாட்டுவது எவ்வகையில் நியாயம்?

இங்கே ஓர் ஒப்பீடு பொருத்தமாகும். அதே விளையாட்டின் பரீட்சார்த்தக் கட்டத்தில், 1997 ஓகஸ்டில், அந்நாட்டின் மன்னனான லோர்ட் பிரிட்டிஷ் கொல்லப்பட்டான். அந்தப் பாத்திரத்தை இயக்கியவர் காரியட்டே. சாகாவரத்தை அவர் இயங்கச்செய்ய மறந்திருந்த வேளையில், ஓர் ஆட்டக்காரர் மூட்டிய மந்திர நெருப்பில் மன்னன் வீழ்ந்தான். அந்தச் செய்தி அன்றே பரவியது. கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் எழுதப்படுகிறது; படமும் இருக்கிறது. கடைசி முயல் எந்த நாளில், எந்தப் புல்வெளியில் வீழ்ந்தது? எவருக்கும் தெரியாது. பத்திரிகைத் தொழிலிலேயே நரைத்துப்போன ஒருவனுக்கு இதில் வியப்பில்லை. மன்னனின் மரணம் முதற்பக்கத்துக்குரியது. மெல்ல மெல்லக் குறைவது எதுவும் எந்தப் பக்கத்துக்கும் உரியதல்ல.

இரண்டாவதாக, ஹார்டினே பின்னாளில் தமது கூற்றைத் திருத்திக்கொண்டார். 1994இல் எழுதிய கட்டுரையொன்றில், தாம் சொன்னது நிருவகிக்கப்படாத பொதுச்சொத்தைப் பற்றியே என்று வரையறுத்தார். அதற்கு முன்பே, 1990இல், எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார் தமது நூலில் சுவிற்சலாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்களையும், ஜப்பானியக் கிராமங்களின் பொதுக் காடுகளையும் எடுத்துக்காட்டி, சாதாரண மக்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பொதுச்சொத்தைக் காத்து வந்திருக்கிறார்கள் என்று நிறுவியிருந்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் கண்ட நிபந்தனைகள் எளிமையானவை. எல்லை தெரிந்திருக்கவேண்டும். யார் யார் பங்காளிகள் என்பது தெரிந்திருக்கவேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்பதை எடுப்பவர்களே சேர்ந்து தீர்மானிக்கவேண்டும். கண்காணிப்பவர் ஒருவர் வேண்டும். மீறுபவனுக்கு ஒரு தண்டனை வேண்டும். பிரிட்டானியாவில் இவற்றுள் ஒன்றுதானும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான அந்நியர்கள் நள்ளிரவில் வந்து போகும் ஒரு வெளி அது. ஊருக்குள் களவெடுத்தவனைக் காவலர் வந்து வெட்டினார்கள். முயல் வெட்டியவனைக் கேட்பதற்கு ஒரு விதியும் எழுதப்படவில்லை.

ஒஸ்ட்ரொம் அம்மையாரின் நூலில் எமது நாடும் இடம்பெறுகிறது என்பதை வாசகர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். தென் கரையோரத்து மாவெல்லக் கிராமத்தின் கரைவலை மீன்பிடி அதிலே ஆராயப்படுகிறது. அங்கே எந்த வலை எப்போது எந்த இடத்தில் இழுக்கப்படவேண்டும் என்பதற்கு மீனவர்களே நுட்பமான முறையொன்றை வகுத்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் முறை தவறாமல் வந்தது. ஆனால் வலைகளின் தொகையை மட்டும் கட்டுப்படுத்த முடியவில்லை. கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தது; அரசியல் தலையீட்டினால் அது நடைமுறைக்கு வரவில்லை. கடல் தரக்கூடியதைவிட அதிகமான வலைகள் சேர்ந்தன. ஒவ்வொருவரின் வருமானமும் வீழ்ந்தது. மாவெல்ல மீனவர் பேராசைக்காரர் என்று அம்மையார் எழுதவில்லை. தம்முடைய விதியைத் தாமே நிலைநாட்டும் அதிகாரம் அவர்களிடம் இல்லை என்றுதான் எழுதினார்.

நிஜ உலகில் ஒரு விலங்கு தப்பிய வரலாறு ஒன்றைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வட அமெரிக்கச் சமவெளிகளில் கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆயிரத்துக்குக் கிட்டச் சுருங்கின. 1889இல் வில்லியம் ஹோர்னடே என்பவர் எஞ்சியவற்றைக் கணக்கிட்டு அறிக்கை வெளியிட்டார். கூட்டில் வளர்ந்தவை, கனடாவில் இருந்தவை எல்லாம் சேர்த்து 1,091 என்பது அவர் கொண்டுவந்த தொகை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அரும்பொருட்காட்சியகத்துக்காகத் தாமே காட்டெருமைகளைச் சுட்டவரும் இவர்தான். எண்ணத் தொடங்கிய பின்னர்தான் மனிதர் மாறினார்.

எஞ்சியவற்றுள் ஒரு சிறு கூட்டம் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவில் ஒதுங்கியிருந்தது. 1894 மார்ச் மாதத்தில், கடும் பனிக்கு நடுவே, எட்கர் ஹவெல் என்ற கள்ள வேட்டைக்காரன் தான் கொன்ற காட்டெருமைகளின் அருகிலேயே பூங்காக் காவலரிடம் கையும் மெய்யுமாகப் பிடிபட்டான். ஆனால் அவனைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. பூங்காவிலிருந்து வெளியேற்றலாம், அவனுடைய பொருள்களைப் பறிக்கலாம், அவ்வளவுதான். தற்செயலாக அவ்வேளையில் ‘ஃபொறஸ்ற் அன்ட் ஸ்ரீம்’ என்ற பத்திரிகையின் செய்தியாளரான எமர்சன் ஹஃப் பூங்காவில் இருந்தார். அவர் செய்தியை அனுப்பினார். நியூயோர்க்கில் இருந்த ஆசிரியர் ஜோர்ஜ் பேர்ட் கிரினெல் அதைப் பெரும் பிரசாரமாக்கினார். அதே மார்ச் மாதத்தில் சட்டமூலம் காங்கிரசுக்கு வந்தது. மே மாதம் 7ஆம் திகதி ஜனாதிபதி கிளீவ்லண்ட் கையொப்பமிட்டார். பூங்காவினுள் விலங்கைக் கொல்பவனுக்கு ஆயிரம் டொலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க அது வழிசெய்தது. இரண்டு மாதத்துக்குள் ஒரு செய்தி சட்டமானது! அதனால் உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. 1902இல் அங்கு எஞ்சியிருந்தவை ஏறக்குறைய இரண்டு டசின்தான். தனியார் மந்தைகளிலிருந்து விலங்குகளைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டியிருந்தது. இன்று அப்பூங்காவில் சில ஆயிரம் காட்டெருமைகள் இருக்கின்றன.

எண்ணியவர் ஒருவர், பிடித்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், சட்டம் இயற்றியவர்கள் சிலர். காட்டெருமையைக் கொன்றவர்களும் இவர்களும் ஒரே மனித சுபாவம் உடையவர்களே. பிரிட்டானியாவில் கொல்லும் வேலைக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. எண்ணும் வேலை, எழுதும் வேலை, சட்டம் இயற்றும் வேலை ஆகியவற்றுக்கு அங்கே இடமே அமைக்கப்படவில்லை. ஆகவே அங்கு நிரூபணமானது மனித சுபாவம் அல்ல. வடிவமைப்பாளர்கள் இயற்கையை இவ்வளவு நுட்பமாகக் கட்டிவிட்டு, அதனை அண்டி வாழவேண்டிய சமூகத்தைக் கட்ட மறந்தார்கள் என்பதே அங்கு நிரூபணமானது.

இதற்குப் பின் வந்தவற்றைப் பார்த்தால், தொழில்துறை கற்ற பாடம் எதுவென்று தெரியும். 2004இல் வெளியான ‘வேர்ல்ட் ஒஃப் வோகிராஃப்ற்’ விளையாட்டில் ஹெமெற் நெசிங்வரி என்றொரு வேட்டைக்காரப் பாத்திரம் உண்டு. ஏர்னெஸ்ற் ஹெமிங்வேயின் பெயரை எழுத்து மாற்றிப் புனைந்த பெயர் அது. பத்துப் புலிகளைக் கொன்று வா, பத்துச் சிறுத்தைகளைக் கொன்று வா என்று அவனுடைய முகாமில் பணி தருவார்கள். கொன்று முடித்துத் திரும்புவதற்குள் புலிகள் மீண்டும் அதே இடத்தில் உலாவிக்கொண்டிருக்கும். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அந்தப் புலிகளைக் கொன்றிருக்கிறார்கள். ஒரு புலிகூடக் குறையவில்லை. நிறுவனத்தாருக்கே இது உறுத்தியதோ என்னவோ, 2008இல் வந்த விரிவாக்கத்தில் விலங்குகளைக் காக்கும் துறவியர் கூட்டம் ஒன்றைப் படைத்தார்கள். ‘பீற்றா’ என்னும் விலங்குரிமை அமைப்பைக் கேலிசெய்வதாகவே அக்கூட்டத்தின் பெயர் அமைந்தது. அப்பகுதியில் விலங்கைக் கொன்றவன்மேல் இரத்தக் கறை படிந்திருக்கும்; அக்கறையோடு அவர்களை அணுகினால் தாக்குவார்கள். ஆனால் அவர்களே தரும் பணி வேட்டைக்காரர்களைக் கொல்லுவது! கேலி நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 2009 ஏப்ரலில், பீற்றா அமைப்பே அந்த விளையாட்டுக்குள் ஆட்களைத் திரட்டி, கனடாவின் கடல்நாய் வேட்டைக்கு எதிரான நிகழ்வு ஒன்றை நடத்த அழைப்பு விடுத்தது. விளையாட்டில் கடல்நாய்கள் சாகாவரம் பெற்றவை. அழியவே முடியாத விலங்குகளின் நடுவே நின்று, விலங்குகள் அழிகின்றன என்று குரலெழுப்புவதில் ஏதோ இடறுகிறது.

தனியொருவர் ஆடும் விளையாட்டுகளில் இதைவிடக் கூர்மையான முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2010இல் வெளியான ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ விளையாட்டில் காட்டெருமைகள் இருபதுதான். கொன்றால் திரும்பப் பிறக்கமாட்டா. இருபதையும் கொன்றவனுக்கு ஒரு விருது கிடைக்கும். அமெரிக்காவின் மேற்குநோக்கிய விரிவை நியாயப்படுத்திய பழைய அரசியற் சுலோகம் ஒன்றே அவ்விருதின் பெயர். இது கசப்பான அங்கதம். விருதைப் பெற்றவர்களில் எத்தனை பேருக்குக் கசந்தது என்பது வேறு கேள்வி. 2018இல் வந்த அடுத்த பாகத்தில் கரோலைனாக் கிளிகள் பறந்து திரிகின்றன. தொடர்ந்து சுட்டால் ஒருகட்டத்தில் அந்த இனம் அற்றுப்போயிற்று என்ற அறிவித்தல் திரையில் வரும். உண்மையான கரோலைனாக் கிளிகளில் கூட்டில் வாழ்ந்த கடைசிக் கிளி 1918 பெப்ரவரியில் சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் இறந்தது. அதே மிருகக்காட்சிச்சாலையில் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1914 செப்ரெம்பர் 1ஆம் திகதி, உலகின் கடைசிப் பயணிப்புறாவும் இறந்திருந்தது. ஒருகாலத்தில் வானை மறைத்துப் பறந்த புறாக்கள் அவை. தந்தியும் ரயிலும் வந்தபின், புறாக்கள் எங்கே கூடுகட்டியிருக்கின்றன என்ற செய்தி வேட்டைக்காரருக்கு உடனுக்குடன் கிடைத்தது. எத்தனை எஞ்சியிருக்கின்றன என்ற செய்தியை அனுப்ப எந்தத் தந்தியும் இருக்கவில்லை.

அல்ரிமாவின் தோல்விக்கு நேரான பதிலாக நான் காண்பது ‘ஈக்கோ’ என்ற விளையாட்டை. அமெரிக்காவின் ஸ்ரேன்ஜ் லூப் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் உதவியும் 2015இல் பொதுமக்களிடம் திரட்டிய நிதியும் அதற்குக் கிடைத்தன. 2018 பெப்ரவரியில் முற்கூட்டிய வெளியீடாக அது விற்பனைக்கு வந்தது. விதி இதுதான்: ஒரு விண்கல் வந்துகொண்டிருக்கிறது, வழமையான அமைப்பில் முப்பது நாள் அவகாசம். அதற்குள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விண்கல்லைத் தகர்க்கும் அளவுக்குத் தொழில்நுட்பத்தை வளர்க்கவேண்டும். ஆனால் வளர்க்கும் வேகத்தில் காட்டை அழித்தால், ஆற்றில் கழிவைக் கொட்டினால், விலங்குகளை வேட்டையாடித் தீர்த்தால், விண்கல் வருமுன்னரே உலகம் கெட்டுவிடும். ஓரினம் அற்றுப்போனால் அந்த உலகில் அது திரும்பி வராது. முக்கியமானது என்னவெனில், இங்கே குடித்தொகை மறைக்கப்படவில்லை. எந்த விலங்கு எத்தனை, எங்கே, கடந்த வாரம் எவ்வளவு என்பதை வரைபடமாக யாரும் பார்க்கலாம். அதைக் காட்டிச் சட்டம் முன்மொழியலாம், வாக்களிக்கலாம், தலைவரைத் தெரியலாம். அல்ரிமாவில் கணினியின் வயிற்றுக்குள் கிடந்தது இங்கே ஊர்ச்சபை மேசைக்கு வந்துவிட்டது.

ஆயினும் ஈக்கோவை அப்படியே தலையில் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. அங்கே நிறைவேற்றப்பட்ட சட்டத்தைக் கணினியே அமுல்படுத்தும். மானைக் கொல்லக்கூடாதென்று சட்டம் வந்துவிட்டால், அம்பு தொடுத்தாலும் மான் விழாது. கையூட்டு இல்லை, கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரி இல்லை, தொலைபேசியில் அழைக்கும் அரசியல்வாதி இல்லை. அந்த விளையாட்டில் மிகப்பெரிய கற்பனை விண்கல் அல்ல, மீறமுடியாத சட்டந்தான். மாவெல்ல மீனவர்களின் சிக்கல் தொடங்கும் இடத்திலேயே ஈக்கோ முடிந்துவிடுகிறது. யெலோஸ்ரோனில்கூட, ஹவெல் பிடிபட்டபோது காவலர் இருந்தார், சட்டம் இல்லை. சட்டம் வந்தபின்னர் எருமைகள் மேலும் குறைந்தன. இந்த இடைவெளியைக் காட்டும் விளையாட்டு ஒன்று வந்தால் அதனை விளையாடும் பொறுமை யாருக்கு இருக்கும் என்பது தெரியவில்லை.

“விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?” என்று கேட்கக்கூடும். முயலுக்கு வலிக்கவில்லை என்பது சரிதான். நான் கவலைப்படுவது முயலுக்காக அல்ல. இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று ஒரு மாலையில் திரையில் காணும் விலங்குகளின் தொகை, அது தன் வாழ்நாளில் காட்டில் காணப்போகும் விலங்குகளைவிட அதிகம். அந்த விலங்குகளிற் பெரும்பாலானவை ஒரே இயல்பை உடையவை: எடுத்தால் குறையாது, காத்திருந்தால் திரும்பி வரும். தேர்ந்த பொறியியலாளர்கள், நல்ல எண்ணத்தோடு, வேறு வழியின்றி, 1997இல் எடுத்த ஒரு முடிவு காலப்போக்கில் ஒரு தலைமுறையின் இயற்கை பற்றிய எண்ணத்துக்குள் கசிந்திருக்குமா என்று கேட்பது மிகையல்ல. ஸ்ரெல்லரின் கடற்பசு என்னும் பெருவிலங்கை ஐரோப்பியர் முதன்முதலில் கண்டது 1741இல். அது அற்றுப்போனது 1768 அளவில். இருபத்தேழு ஆண்டுகள். அதனைக் கொன்று தின்ற மாலுமிகளும் அடுத்த பருவத்தில் வந்தால் அது அங்கே இருக்கும் என்றே நம்பியிருப்பார்கள்.

அல்ரிமா ஒன்லைன் வேறொரு நிறுவனத்தின் பராமரிப்பில் இன்னமும் இயங்கிவருகிறது. வாயிலுக்கு வெளியே செம்மறிகள் இன்றும் நிற்கின்றன. கத்தரித்த கம்பளி சிறிது நேரத்தில் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. அன்று சூழற்றொகுதியை முழுவதுமாக முடக்குவதற்கு முன்னர், வடிவமைப்பாளர்கள் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பார்த்திருக்கலாம். ஒவ்வொரு நகரத்தின் வாயிலிலும் ஓர் அறிவித்தற் பலகையை நாட்டி, அதிலே ஒரேயொரு வரியை எழுதியிருக்கலாம்: இந்தப் புல்வெளியில் இன்று எஞ்சியிருக்கும் முயல்கள், இத்தனை.